நான்கடித் தண்ணீரில் வாட்டர் போலோ வளராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய நீச்சல் போட்டிகள் நடக்கும் நாள்களில் 100 மீட்டர், 200 மீட்டர் முடிவுகள் விநாடி சுத்தமாக விளையாட்டுப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அதே போட்டியின் ஒரு பகுதியாக நடக்கும் வாட்டர் போலோவுக்கு (இரண்டு அணிகள் தண்ணீரில் மிதந்தபடி பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்) கடைசியில் ஒரு வரி: இன்ன அணி இன்ன அணியை இத்தனைக்கு இத்தனை என்று வென்றது. நீச்சலில் பதக்கம் வாங்கும் மாநிலங்கள்கூட வாட்டர் போலோவில் 15, 20 கோல் வாங்கித் தோற்பது எப்படி என்று அந்த ஒரு வரியைப் பார்ப்பவருக்கு விளங்காது. அதைச் சொல்லவும், மாவட்டங்களில் புதிய நீச்சல் குளம் கட்டத் திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றும் இதை எழுதுகிறோம். இந்த ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவர்களும் பயிற்சி கொடுக்கிறவர்களுமாகச் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது.

விதிப்படி வாட்டர் போலோ ஆடும் தண்ணீர் குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். 2 மீட்டர் இருந்தால் நல்லது. அதுவும் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் போதாது, ஆடுகளம் முழுக்க இருக்க வேண்டும். நம் ஊர்களில் கட்டப்படும் பொதுக் குளங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மூன்றரை, நான்கடியில் தொடங்கி மறுபக்கம் ஆறடிக்குச் சரிகின்றன. நீச்சல் கற்க அது வசதி. அங்கே இரண்டு கோலைக் கட்டி ஆட்டம் நடத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஒவ்வொரு அணியிலும் கோல்கீப்பர் தவிரக் களத்தில் இருக்கும் ஆறு பேரும் தரையில் கால் ஊன்றக் கூடாது, நடக்கக் கூடாது, எம்பிக் குதிக்கக் கூடாது. கோல்கீப்பருக்கு மட்டும், கோலுக்கு முன்னால் தன் எல்லைக்குள் இருக்கும்வரை, விலக்கு உண்டு. ஆழமற்ற பக்கம் நிற்கும் கோல்கீப்பர் இதனால் தரையை உதைத்து எழும்பி விதி மீறாமலே பந்தைத் தடுக்கிறார். எதிர்ப்பக்கக் கோல்கீப்பரோ கால் எட்டாத தண்ணீரில் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார். பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஸ்கோர் கணக்கு சரியாகலாம், கற்றுக்கொள்வது சரியாகாது. தரையை உதைத்தே பழகிய கோல்கீப்பர் தேசியப் போட்டியில் ஆழமான குளத்தில் இறங்கும்போது இடுப்பு வரைகூட எழும்ப முடியாமல் தவிக்கிறார். தலைக்கு மேல் வரும் சாதாரணப் பந்தெல்லாம் கோலாகிறது.

கோலின் அளவும் அங்கே குழம்புகிறது. தூண்களுக்கு இடையே 3 மீட்டர், தண்ணீருக்கு மேல் குறுக்குக் கம்பம் 90 சென்டிமீட்டர் என்பது ஆழமான குளத்துக்கான அளவு. ஆழம் 1.5 மீட்டருக்குக் குறைந்தால் கம்பம் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்லியிருந்ததே, கோல்கீப்பர் நின்றுகொள்வார் என்பதற்காகத்தான். நம் மாவட்டப் போட்டிகளில் மிதக்கும் கோலைக் கொண்டுபோய் நான்கடித் தண்ணீரில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 90 சென்டிமீட்டர் உயரக் கோலில் நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றால் பந்து நுழைய வழியே இல்லை.

களத்து ஆட்டக்காரர்கள் கதை இன்னும் மோசம். கால் எட்டினால் யார்தான் ஊன்றாமல் இருப்பார்? குளோரின் கலங்கிய தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று கரையில் நடக்கும் நடுவருக்குத் தெரிவது குறைவு. தோள் திடீரென்று அரையடி உயர்ந்தால், ஷாட் அடிக்கும் நொடியில் உடம்பு துள்ளாமல் அசையாமல் நின்றால், ஊன்றிவிட்டார் என்று ஊகித்து விசில் கொடுக்கிறோம். பத்தில் நாலைந்தைத்தான் பிடிக்க முடியும். பிடிபடாத மீதியெல்லாம் அந்தப் பையனின் பழக்கமாகிவிடுகிறது.

வாட்டர் போலோவின் அடிப்படை கால் வேலைதான். ஆங்கிலத்தில் எக்பீட்டர் என்பார்கள். கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் நிலைநீச்சல் என்று சொல்வதன் கறாரான வடிவம் அது. முக்காலியில் உட்கார்ந்ததுபோல் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். தொடைகள் தண்ணீர் மட்டத்துக்கு ஏறக்குறையக் கிடையாகவும் முட்டிகள் தோளைவிட அகலமாகவும் இருக்க வேண்டும். வலது கால் ஒரு திசையில், இடது கால் எதிர்த்திசையில், மாறி மாறி வட்டம் போட வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக உதைத்தால் அது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் எனும் தவளை நீச்சல். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறவர்களின் முதல் தவறு இதுதான். ஒவ்வொரு உதைக்கும் உடம்பு ஏறி இறங்கும், பந்து கைக்கு வரும் நேரத்தில் அவர் இறங்கிக்கொண்டிருப்பார். இரண்டாவது தவறு, முட்டியைக் குறுக்கிக்கொண்டு பாதத்தை மட்டும் வெளியே திருப்புவது. அப்படி மிதித்தால் முட்டியின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். இடுப்பு மூட்டு இளகாமல் இந்த வலி போகாது. தினம் குளத்தில் இறங்குமுன் பத்து நிமிடம் இடுப்புக்கான பயிற்சி வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வெளியே நீட்டி 30 விநாடி மிதித்து 30 விநாடி ஓய்வு, இப்படிப் பத்துச் சுற்று. அது பழகினால் முழங்கை வரை. அதற்குப் பிறகு 5 லிட்டர் கேனில் பாதி தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் காலுக்கு அடியில் தரை இருக்கக் கூடாது. இருந்தால் இத்தனையும் நடிப்பு.

ஆட்டம் நான்கு பகுதி, பகுதிக்கு 8 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிடுவதால் ஒரு ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். நம் பையன்கள் நீச்சலில் வேகம் குறைந்தவர்கள் அல்ல. தொடக்கத்தில் பந்துக்குப் பாயும் ஓட்டத்தில் பெரிய அணிகளையும் முந்துகிறார்கள். முதல் பகுதி 2-3, இரண்டாவது 2-4 என்று போகும். மூன்றாவது பகுதியில் கால் சோர்ந்து 0-6 ஆகும். அணித்தலைவரோ பயிற்சியாளரோ அதன்பின் எது செய்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது. முடிவுகளை வெளியிடும்போது பகுதிவாரியாக ஸ்கோர் கொடுத்தால் எந்த நிமிடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று வாசகருக்கே தெரிந்துவிடும். அதற்கு இன்னொரு வரி இடம்தான் தேவை.

அடுத்த கோளாறு கடிகாரம். ஒரு அணி பந்தை வைத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. பல ஆண்டுகள் 30 விநாடியாக இருந்தது. சர்வதேச விதிகள் அதையும் குறைத்துக்கொண்டு வருகின்றன. மாவட்டப் போட்டிகளில் அந்த நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் என்ற கடிகாரம் கிடையாது. கரையில் ஒருவர் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு ‘பத்து விநாடி’ என்று கத்துவார், கத்த மறந்தும் போவார். பையன்கள் 40, 50 விநாடி பந்தைச் சுற்றவிட்டு நிதானமாக அடித்துப் பழகுகிறார்கள். தேசியப் போட்டியில் அவர்கள் அணிவகுத்து முடிக்கும்போதே ஹாரன் அடித்துவிடுகிறது.

30 விநாடியை எப்படிச் செலவழிப்பது என்பது கற்றுத்தர வேண்டிய விஷயம். பாதிக் களத்திலிருந்து தலையைத் தூக்கியபடி எதிர்க்கோல் வரை நீந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடி போய்விடும். 15-ஆம் விநாடிக்குள் சென்டர் பார்வர்டு கோலுக்கு முன்னால், கோலுக்கு முதுகைக் காட்டியபடி, தன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். 18-ல் பந்து அவர் கை எட்டும் தண்ணீரில், தடுப்பவர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, விழ வேண்டும். 25-ல் ஷாட். அதற்குள் வழி கிடைக்கவில்லையா, பந்தைக் கோலின் மூலைப் பக்கம் தள்ளிவிட்டு எல்லோரும் திரும்பிவிட வேண்டும். நம் அணிகள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதே இல்லை. 28-ஆம் விநாடியில் எட்டு மீட்டரிலிருந்து ஒரு நம்பிக்கையற்ற ஷாட் போகும், கோல்கீப்பர் பிடிப்பார், ஒரே வீச்சில் முன்னால் ஓடும் ஆளுக்கு எறிவார், கோல். தொலைக்காட்சியில் பார்ப்பவர் ‘டிபென்ஸ் சரியில்லை’ என்பார். தவறு அதற்கு முந்தைய ஷாட்டில் நடந்திருக்கும்.

எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டு சுமார் 20 விநாடி ஆள் குறைந்து ஆடும்போதுதான் பெரிய அணிகள் கோல்களைக் குவிக்கின்றன. வழக்கமாக இரண்டு பேர் கோல் தூண்களுக்கு நேராக, கோலிலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள கோட்டில், நான்கு பேர் பின்னால் வில் போல. பந்து வேகமாக இடம் மாற மாற கோல்கீப்பர் தூணுக்குத் தூண் நகர வேண்டும், அவர் நகர்ந்துகொண்டிருக்கும்போது அடிக்க வேண்டும். நம்மவர்கள் செய்யும் தவறு இரண்டு. பந்தை வாங்கி ஒரு கணம் நிறுத்திப் பார்த்துப் பிறகு எறிவதால் கோல்கீப்பர் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார். தூணருகே நிற்பவர் பந்து வருமுன்பே 2 மீட்டர் கோட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். விசில், பந்து எதிரணிக்கு. அந்தக் கோடு பல மாவட்டக் குளங்களில் குறிக்கப்படுவதே இல்லை. இல்லாத கோட்டை எப்படி மதிப்பார்கள்? கரையில் 2 மீட்டருக்குச் சிவப்பும் 6 மீட்டருக்கு மஞ்சளும் கூம்புகள் வைத்தாலே போதும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஆட்டத்துக்கு முன் நடுவர் விரல் நகங்களைத் தடவிப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல, நீண்ட நகம் எதிராளியின் முதுகைக் கீறும். உடம்பில் எண்ணெய் கூடாது என்பதும் விதி. நம் ஊரில் குளோரினுக்குப் பயந்து தலைக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறார்கள். எதிராளிக்குப் பிடி கிடைக்காது என்பது ஒருபுறம், பந்து நம் கையிலேயே நிற்காது. காது மூடி உள்ள தொப்பி கட்டாயம். நீச்சல் தொப்பியில் ஆடவிட்டு காது சவ்வு கிழிந்தால் அந்தப் பையன் பல வாரம் தண்ணீரில் இறங்க முடியாது. பந்தில் ஆண்களுக்கு 68 முதல் 71 சென்டிமீட்டர் சுற்றளவு, பெண்களுக்கு 65 முதல் 67. எடை இருவருக்கும் 400 முதல் 450 கிராம். பெண்கள் அணிக்கு ஆண்கள் பந்தைக் கொடுத்துப் பயிற்சி நடத்தும் இடங்கள் இருக்கின்றன. ஒற்றைக் கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையால் பிடிப்பார்கள், களத்து ஆட்டக்காரர் அப்படிப் பிடித்தால் தவறு. 13 பேருக்கு இரண்டு பந்து என்பதும் பயிற்சி ஆகாது, ஆளுக்கொன்று வேண்டும். வெயிலில் போட்டுவைத்த பந்து சீக்கிரம் வழுவழுப்பாகிவிடும்.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி சிலியை 7-4 என வென்றது. அதில் நான்கு கோல் அடித்த சச்சின் நாக்தான் 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். அதே போட்டியில் வாட்டர் போலோ தங்கமும் இந்தியாவுக்கே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் ஆடினோம். 1970 பாங்காக்கில் வெள்ளி, 1982 டெல்லியில் வெண்கலம். அதன்பிறகு ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலும் பம்பாயிலும் உருவானவர்கள். கொல்கத்தாவின் ஹேதுவா, காலேஜ் ஸ்கொயர் போன்ற குளங்களில் நகரத்தின் நடுவே இந்த ஆட்டம் நடந்தது. அவை டைல்ஸ் பதித்து ஒருபக்கம் சரியவிட்ட நீச்சல் குளங்கள் அல்ல, ஊர்க் குளங்கள். ஊன்றத் தரை கிடைக்காததால்தான் அவர்கள் கால் அப்படி வலுத்தது என்பது எங்கள் கணிப்பு. அப்படிப் பார்த்தால் பாசனக் கிணற்றில் நீந்தப் பழகிய நம் கொங்கு, மதுரைப் பக்கத்துப் பையன்களுக்கு டைல்ஸ் குளத்தில் கற்றவர்களைவிட இதில் தொடக்கம் சுலபம். அவர்களை வேகம் போதாது என்று தேர்வில் கழித்துவிடுகிறோம்.

இன்று தேசிய அளவில் ஆண்கள் பிரிவில் முப்படையினரின் சர்வீசஸ் அணியும் ரயில்வே அணியும் பலமானவை. பெண்களில் கேரளம் நீண்ட காலமாக முன்னணியில் இருக்கிறது. சர்வீசஸுக்கும் ரயில்வேக்கும் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வேலை கிடைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே அணியாக, சேர்ந்து ஆடுகிறார்கள். மாநில அணிகளோ போட்டிக்குச் சில வாரம் முன்பு கூடி, முடிந்ததும் கலைகின்றன. நல்லவர் ஒருவர் உருவானாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனபின் அந்தத் துறையின் அணிக்குத்தான் ஆடுவார். அதைக் குறை சொல்வதற்கில்லை, சாப்பாடு யார் போடுவது? அவர் இடத்தை நிரப்பப் பின்னால் ஆள் வந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. நம் ஊரில் 18, 19 வயதில் நீச்சலில் பதக்கம் கிடைக்காது என்று தெரிந்தபிறகுதான் ஒருவர் வாட்டர் போலோவுக்கு வருகிறார். பன்னிரண்டு வயதில் வந்திருக்க வேண்டியவர்.

உடம்பு பெரிதாக இல்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் சாக்கு. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள் தங்கம் ஜப்பானுக்கு. ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் சிறிய உடம்புக்காரர்கள். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்று மல்லுக்கட்டாமல், பந்து வரும் வழியில் குறுக்கே நின்று பிடுங்கிக்கொண்டு நாலைந்து பேராக எதிர்க்கோலுக்குப் பாய்வது அவர்கள் பாணி. எடை தேவையில்லை. நீச்சல் வேகமும், 32 நிமிடமும் ஓயாத காலும் வேண்டும். முதலாவது நம்மிடம் இருக்கிறது.

இரண்டாவதற்காகத்தான் குளம். ஆழமான குளம் கட்டினால் தண்ணீர் வீணாகும், குழந்தைகள் மூழ்குவார்கள் என்று அதிகாரிகள் தயங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 50-க்கு 25 மீட்டர் குளத்தை 1.2 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குச் சரியவிட்டால் 20 லட்சம் லிட்டர் பிடிக்கும். முழுக்க 2 மீட்டர் என்றால் 25 லட்சம். கூடுதல் 5 லட்சம் லிட்டர் முதல் தடவை நிரப்பும்போது ஆகும். அதன்பின் வடிகட்டிச் சுற்றும் தண்ணீர்தான். வெயிலில் ஆவியாவது மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது அல்ல. இரண்டு குளத்துக்கும் மேற்பரப்பு ஒன்றே. வடிகட்டியும் பம்பும் கால்பங்கு பெரிதாக வேண்டும், மின்கட்டணம் கூடும் என்பது உண்மை. குழந்தைகளுக்குப் பக்கத்தில் 12-க்கு 8 மீட்டரில் 90 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு குளம் போட்டால் 86,400 லிட்டரில் முடிந்துவிடும். கற்றுக்கொள்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. இப்போது நான்கடியில் நிற்கும் குழந்தை சரிவில் வழுக்கி ஆழத்துக்குப் போகும் ஆபத்து அங்கே இல்லை.

இருக்கும் குளங்களை இடிக்கச் சொல்லவில்லை. சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட வளாகம் போன்றவை மாவட்டத்துக்கு ஒன்று வரப்போவதும் இல்லை. ஆனால் 50 மீட்டர் குளம் உள்ள இடங்களில் ஆழமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு குறுக்காக ஆடலாம். பெண்கள் களம் ஏற்கெனவே 25 மீட்டர் நீளம்தான். ஆண்கள் களத்தையும் 30 மீட்டரிலிருந்து 25-ஆகச் சர்வதேச அமைப்பு 2025-ல் குறைத்துவிட்டது. கோல்களின் ஆழம் போக 22, 23 மீட்டர் மிஞ்சும், பயிற்சிக்கும் மாவட்டப் போட்டிக்கும் அது தாராளம். 25 மீட்டர் குளம் மட்டுமே உள்ள ஊர்களில் ஆழமான முனையில் ஒரு கோலைக் கட்டி, ஆறுக்கு ஐந்தாகப் பாதிக்கள ஆட்டம் பழகலாம். டைவிங் குளம் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. பெரும்பாலான நாள் அது சும்மாதான் கிடக்கிறது.

புதிய குளங்களுக்கு டெண்டர் விடுமுன் நான்கு விஷயங்களை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆழம் முழுக்க 2 மீட்டர். கோலையும் எல்லைக் கயிற்றையும் கட்ட நீண்ட சுவர்களிலும் துருப்பிடிக்காத கொக்கிகள். பிறகு டைல்ஸை உடைத்துப் பதித்தால் ஒழுகும், கட்டாமல் விட்டால் கோல் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நகரும். நான்கு மூலையிலும் தெரிகிற ஷாட் கிளாக்குக்கு மின் இணைப்பு. நடுவர்கள் பந்தோடு நடக்க, இரு பக்கமும் தடையில்லாத நடைபாதை. இருக்கும் குளங்களில் உடனே செய்யக் கூடியது வேறொன்று: பணம் கட்டி வரும் பொதுமக்கள் நேரம் முடிந்தபின் வாரம் மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம், ஆழமான பாதியைப் பள்ளிப் பிள்ளைகளின் வாட்டர் போலோவுக்கு ஒதுக்குவது. கயிறு கட்டிப் பிரித்துவிட்டால் மறுபாதியில் நீச்சல் பயிற்சியும் நடக்கலாம். விளக்கு எரிகிற குளத்தில் இதற்குத் தனிச் செலவு கிடையாது, ஒரு உயிர்காப்பாளரைக் கூடுதலாக நிறுத்த வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாட்டர் போலோ நடுவர்களும் பயிற்சியாளர்களும்,
சென்னை